பழனி நடைக்கு நடுவுடலைத் தயார்செய்தல்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

தீபாவளி கழிந்ததுமே காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரங்களில் தைப்பூசப் பாதயாத்திரைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கொப்புளத்துக்கு என்ன தடவுவது, எந்த ஊரில் தங்குவது என்பவற்றுக்கெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடமே விடை உண்டு. அவர்களிடம் விடை கிடைக்காத ஒரு கேள்விதான் வாசகர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் வருகிறது. சரியாக நடப்பதற்குக் ‘கோர்’ எனப்படும் நடுவுடல் தசைகள் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறார்களே. அதற்கு நடந்து பழகினால் போதுமா, வீட்டில் பாய் விரித்துப் பயிற்சி செய்வதா, யோகா வகுப்பில் சேர்வதா, ஜிம்முக்குப் போவதா, இடுப்பு பெல்ட் வாங்குவதா, பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதா?

இந்த ஆறில் எல்லாருக்கும் ஒன்றையே கைகாட்டிவிட முடியாது. ஆனால் நடக்கும்போது அத்தசைகள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பது தெளிவானால், பெரும்பாலோருக்குத் தேர்வு தானே எளிதாகிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## நடை எதைக் கேட்கிறது

ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு நடைச் சுற்று என்று கொண்டால், ஒவ்வொரு காலும் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் தரையிலும் 40 விழுக்காடு நேரம் காற்றிலும் இருக்கிறது. ஒரு கால் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் மற்றது தனித்து உடலைத் தாங்குகிறது. இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், நடையில் ஐந்தில் நான்கு பங்கு ஒற்றைக்காலில் நிற்பதுதான். ஒரு கிலோமீட்டருக்கு 1,300 முதல் 1,500 அடிகள் வரை ஆகும் என்பதால், நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடப்பவர் 30,000 தடவைக்கு மேல் ஒற்றைக்காலில் நின்று எழுகிறார்.

அப்படி நிற்கும் ஒவ்வொரு முறையும், தாங்கல் இல்லாத பக்கத்து இடுப்பு கீழே சரியப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கத்தில், இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் அமைந்துள்ள நடுப்பிட்டத் தசை. அது மூட்டுக்கு மிக அருகிலிருந்து இழுக்கிறது. உடலின் எடையோ தள்ளியிருந்து அழுத்துகிறது. இந்த நெம்புகோல் கணக்கின்படி, சமநிலை காக்க அத்தசை உடல் எடையைவிடக் கூடுதலான விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. நலமாக இருப்பவர் நடக்கும்போது இடுப்பு ஏறத்தாழ 5 பாகை மட்டுமே சரிகிறது. தசை களைத்துவிட்டால் சரிவு கூடுகிறது. அல்லது அதை ஈடுகட்ட மேலுடம்பு ஊன்றிய காலின் பக்கம் சாய்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவரான ஃபிரீட்ரிஷ் டிரெண்டலென்பர்க் 1895இல் விவரித்த இந்த இடுப்புச் சரிவை, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி மருத்துவர்கள் இன்றும் சோதிக்கிறார்கள். நத்தம் தாண்டிய பிறகு கூட்டத்தில் பலர் இருபுறமும் அசைந்து அசைந்து நடப்பதும், மறுநாள் அடிமுதுகு பிடித்துக்கொண்டதாகச் சொல்வதும் பெரும்பாலும் இந்தத் தசையின் களைப்பால்தான் என்பது என் கணிப்பு.

வயிற்றைச் சுற்றியுள்ள தசைகளின் வேலை வேறு வகையானது. வயிற்றைப் பட்டைபோல் சுற்றியுள்ள குறுக்கு வயிற்றுத் தசை, விலாவிலிருந்து சாய்வாக இறங்கும் தசைகள், முதுகெலும்புக் கண்ணிகளைப் பிணைக்கும் சிறு தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் ஆகிய இவை அனைத்தும் சேர்ந்ததே நடுவுடல். நடக்கையில் இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, மார்புக்கூடு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கைவீச்சும் அதனுடன் இசைந்து செல்கிறது. கைகளை வீசாமல் பிடித்துக்கொண்டு நடந்தால் சுமார் 12 விழுக்காடு ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது என்பதை ஸ்டீவன் காலின்ஸ் குழுவினர் 2009இல் அளந்து காட்டினர். அந்த முறுக்கலை அளவோடு விட்டும் பிடித்தும் நடத்துவது சாய்வுத் தசைகள். சமதளத்தில் இயல்பான வேகத்தில் நடக்கும்போது வயிற்றுத் தசைகள் தம் முழு வலிமையில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்துகின்றன. ஆனால் அதை மணிக்கணக்கில் விடாமல் செய்கின்றன.

இங்கே ஒரு தவறான அறிவுரையை விலக்கிவிட வேண்டும். கையை உயர்த்துவதற்குச் சற்று முன்னரே குறுக்கு வயிற்றுத் தசை இயங்கத் தொடங்கிவிடுகிறது என்றும், முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது என்றும் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் கண்டறிந்தனர். அதன்பின் ‘வயிற்றை உள்ளிழுத்தபடியே நட’ என்ற போதனை எங்கும் பரவியது. அவர்கள் கண்டது தானாக நிகழும் ஒரு நேர ஒழுங்கை. வேண்டுமென்றே இறுக்கிக்கொள்வது அதனின்றும் வேறானது. வயிற்றை இறுக்கியபடி நடந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு மேலாக ஓடும். மார்பின் திருப்பமும் முடங்கும். தலை நிமிர்ந்து, விலாக்கூடு இடுப்புக்கு நேர் மேலே அமைய, அடியை அதிகம் எட்டிப் போடாமல் நடந்தாலே வயிற்றுத் தசைகள் தம் பங்கைச் செய்துவிடும்.

ஆக, நடை நடுவுடலிடம் இரண்டைக் கேட்கிறது: இடுப்பின் பக்கவாட்டில் வலிமை, வயிற்றைச் சுற்றி நெடுநேர உழைப்பு. பெரும்பாலோர் செய்யும் ஆயத்தமோ நேர்மாறாக இருக்கிறது. வயிற்றுக்குக் கடும் பயிற்சி, இடுப்பின் பக்கத்துக்கு ஒன்றுமில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்ன இரண்டில் எதை அந்த வழி வளர்க்கிறது என்பது. இரண்டாவது, மறைமுகச் செலவு: பணம் மட்டுமல்லாமல், நேரம், காயம், கவனம் திசைமாறுதல் ஆகியவையும் அதில் அடங்கும். மூன்றாவது, தை வரை அதை விடாமல் செய்ய இயலுமா என்பது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால்தான்; தசை பருப்பது அதன்பிறகே. தீபாவளிக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கிடைக்கின்றன என்பதால், சுமாரான பயிற்சியை இடைவிடாது செய்பவர், சிறந்த பயிற்சியைக் கார்த்திகையோடு கைவிட்டவரைவிட நன்றாக நடப்பார்.

தேர்வுக்கு முன் ஒரு சிறு சோதனை செய்துகொள்ளுங்கள். வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) தூண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கண்ணாடி முன் ஒற்றைக்காலில் 30 விநாடி நின்று பாருங்கள். இடுப்பு சரிகிறதா, மேலுடம்பு சாய்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒருநாள் பத்து கிலோமீட்டர் நடந்து முடியும் தறுவாயில், பின்னாலிருந்து உங்கள் நடையை அலைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். வேட்டியின் இடுப்பு மடிப்போ சேலையின் கொசுவக் கோடோ ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கினால், களைப்பு எங்கே வருகிறது என்பது தெரிந்துவிடும். களைப்பில்லாத முதல் கிலோமீட்டரில் எடுத்த படம் எதையும் காட்டாது.

## நடையை மட்டும் கூட்டுவது

நடைக்கு நடையே நெருங்கிய பயிற்சி. பாதத் தோல், கணுக்கால், மூச்சு, மனம் எல்லாம் ஒருசேரப் பழகும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். மார்கழி அதிகாலையில் அதை நடந்துவிட்டு வருவதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. வயிற்றைச் சுற்றிய தசைகளின் நெடுநேர உழைப்பும் இதனால் வளரும்.

குறை என்னவென்றால், இடுப்பு சரிய நடப்பவர் அந்தச் சரிவையே ஆயிரக்கணக்கான முறை பயில்கிறார். சுமை மாறாததால் தசையின் வலிமை ஓரளவுக்கு மேல் ஏறுவதுமில்லை. செட்டிநாட்டின் நிலம் பெரும்பாலும் சமதளம் என்பது இதை இன்னும் கூட்டுகிறது. குன்றக்குடி மலைப்படிகளை வாரம் ஒருமுறை நிதானமாக ஏறி இறங்குவது இந்தக் குறையில் பாதியைத் தீர்த்துவிடும். ஒவ்வொரு படியிலும் உடல் முழுவதையும் ஒரு காலே தூக்குகிறது. மறைமுகச் செலவு நேரம்தான். தவிர, சென்ற வாரம் நடந்த தூரத்தை இந்த வாரம் இரட்டிப்பாக்குபவர்களுக்குக் குதிகால் வலியும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியும் வருவது வழக்கம். ஒற்றைக்கால் சோதனையில் தேறிய, முன்பே நடந்து பழகிய, வலியற்ற உடம்புக்கு இந்த வழியே போதும்.

## வீட்டில் பாய் விரித்துச் செய்வது

என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் நடைக்கு நன்கு பொருந்துகின்றன. ஒன்று, மல்லாந்து ஒரு காலை மடக்கி, அடிமுதுகுக்கடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் சிறிதளவு தூக்குவது. இரண்டு, ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் பக்கப் பிளாங்க். மூன்று, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், விட்டு விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். சிறு விசையை நெடுநேரம் தருவதற்கான பயிற்சி இப்படித்தான் அமைய வேண்டும். பிளாங்க்கில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்துக் காட்டுவது போட்டிக்கு உதவலாம், பழனி நடைக்கு அன்று.

மூன்றிலும் நடைக்கு மிக வேண்டியது பக்கப் பிளாங்க். அது சாய்வுத் தசைகளோடு தரைப்பக்கத்து நடுப்பிட்டத் தசையையும் ஒரே நேரத்தில் உழைக்க வைக்கிறது. தொடங்குபவர்கள் முழங்காலை மடக்கி ஊன்றிச் செய்யலாம். இதனுடன் திண்ணைப் படியில் ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படியின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை வெளியே தொங்கவிட்டு, ஊன்றிய முழங்காலை மடக்காமல், தொங்கும் பக்கத்து இடுப்பை மெல்ல இறக்கி மெல்ல ஏற்ற வேண்டும். நடையின்போது நடுப்பிட்டத் தசை செய்யும் அதே வேலை இது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

செலவில்லாத வழியாகத் தோன்றினாலும் இதற்கும் மறைமுகச் செலவுகள் உண்டு. தவறைத் திருத்த யாரும் இல்லாததால், பலர் பள்ளிக்கூடத்தில் பழகிய முழு ‘சிட்-அப்’ பயிற்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது முதுகெலும்புத் தட்டுகளை வெகுவாக அழுத்துகிறது, நடைக்கும் பெரிதாக உதவுவதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்கள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லியபடி செய்தால் மூச்சு தானே ஓடும். மெருகேறிய ஆத்தங்குடிக் கல் தரையில் கோரைப்பாய் வழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் விரிப்பு நல்லது. பிரசவத்துக்குப் பின் நடுவயிற்றில் பிளவு இருப்பவர்கள் முதல் பயிற்சியை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு இந்த வழியில் பாதி மூடியே இருக்கிறது.

## யோகா வகுப்பு

நின்றபடி செய்யும் ஆசனங்களில் விருட்சாசனமும் வீரபத்ராசனமும் ஒற்றைக்கால் சமநிலையையும் இடுப்பின் பக்கத்தையும் நேரடியாகத் தொடுகின்றன. மூச்சோடு இசைந்து இயங்கக் கற்பது, நடையின்போது உதரவிதானத்தை முடக்காமலிருக்கப் பழக்குகிறது. வகுப்பு என்ற கட்டுப்பாடு இருப்பதால் பாதியில் விடுவோர் குறைவு. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் கூறுகிறது. அவர்களுக்கு நல்ல ஆசிரியரின் வகுப்பு முதல் தேர்வாகவே இருக்கலாம்.

ஆனால் வகுப்பு உங்களுக்காக வகுக்கப்பட்டதன்று. அமர்ந்தும் படுத்தும் செய்யும் ஆசனங்களே நிறைந்த வகுப்பில் இடுப்பின் பக்கத்துக்கு வேலை மிகக் குறைவு. தட்டு விலகியவர்களுக்குப் பச்சிமோத்தானாசனம் போன்ற முன்வளைவுகள் வலியைக் கிளப்பக்கூடும். சேருமுன் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நின்று செய்பவை எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

## ஜிம்

சுமையைப் படிப்படியாகக் கூட்டும் வசதி இங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒற்றைக்கால் சோதனையில் வெகுவாகச் சரிந்தவர், முன்பு சுமை தூக்கிப் பழகிய இளைஞர் ஆகியோருக்கு நடுப்பிட்டத் தசையை விரைவாக வலுப்படுத்த இது நல்ல இடம். ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது, பலகை மேல் ஒற்றைக்காலால் ஏறுவது ஆகிய இரண்டையும் கேட்டுச் செய்யுங்கள். பயிற்சியாளர் உங்களை வயிற்றுக்கான இயந்திரத்தில் உட்கார வைத்தால், நடை உட்கார்ந்து செய்வதன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சலுகை என்று ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிவிடுவது வெளிப்படையான செலவு. மறைந்திருப்பது வேறு: கால்களைக் கடுமையாக உழைக்க வைத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைவலியால் நீண்ட நடை தவறிப்போகும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். நீண்ட நடைக்கு முந்தைய நாள் வேண்டாம்.

## இடுப்பு பெல்ட்

சில நூறு ரூபாயில் கடையில் கிடைப்பதால் பலரின் முதல் தேர்வு இதுவாகிவிடுகிறது. தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, ‘பெல்ட் போட்டுக்கொண்டால் பயிற்சி எதற்கு?’ என்று கேட்டிருந்தார். பெல்ட் வயிற்றைச் சுற்றி அழுத்துகிறது. நடையில் முதலில் களைத்துப்போகும் நடுப்பிட்டத் தசை அதற்குக் கீழே, பக்கத்தில் இருக்கிறது. எனவே முக்கியமான வேலையில் அது பங்கெடுப்பதே இல்லை. நலமாக உள்ள தொழிலாளர்களிடம் பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இலேயே கூறிவிட்டது.

அணிந்தால் தசை சுருங்கிப்போகும் என்று அஞ்சுவதும் மிகை; சில நாள் அணிவதால் அப்படி ஆவதற்கு உறுதியான சான்று இல்லை. உண்மையான தொல்லைகள் வேறு. வெயிலேறியதும் வியர்வையில் தோல் உராயும். உணவுக்குப் பின் வயிறு அழுத்தி மூச்சு முட்டும். குடலிறக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். முதுகுவலி வந்தவருக்கு மருத்துவர் குறித்த நாள்களுக்கு அணியச் சொன்னால் அணியலாம். இடுப்பு தளர்ந்த முதியவருக்குப் பெல்ட்டைவிட ஊன்றுகோல் பயன் தரும், ஆனால் அதைத் தளர்ந்த இடுப்புக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து, பயனில் பெரும்பகுதியை இழக்கிறார்கள்.

## பிசியோதெரபிஸ்ட்

எந்தப் பக்கம் சரிகிறது, அது வலிமைக் குறைவாலா, மூட்டுத் தேய்மானத்தாலா, கால் நீள வேறுபாட்டாலா என்று பிரித்துச் சொல்ல இந்த ஆறு வழிகளில் இவரால் மட்டுமே முடியும். ஒருமுறை பார்த்து, நடையைச் சோதித்து, வீட்டில் செய்ய மூன்று நான்கு பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொள்வது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடச் சிக்கனமாக முடியக்கூடும்.

பத்து நாள் ‘கரண்ட்’ வைப்பதும் சூடு காட்டுவதுமே சிகிச்சையாகிவிடும்போதுதான் செலவு கூடுகிறது. அவை வலியைத் தற்காலிகமாகத் தணிக்கலாம்; தசைக்கு எதையும் கற்பிப்பதில்லை. நடையைப் பார்க்காமலேயே இயந்திரத்தில் இணைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | இடுப்பின் பக்க வலிமை | வயிற்றின் நெடுநேர உழைப்பு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| நடை மட்டும் | குறைவு. மலைப்படி சேர்த்தால் நடுத்தரம் | மிகுதி | நேரம், அவசரத்தால் வரும் கால்வலி |
| வீட்டுப் பயிற்சி | நன்று | நன்று | திருத்த ஆளில்லை, இடையில் விட்டுவிடுவது |
| யோகா | வகுப்பைப் பொறுத்தது | நடுத்தரம் | முன்வளைவுகளின் ஆபத்து |
| ஜிம் | மிகுதி | நடுத்தரம் | கட்டணம், தசைவலியால் தவறும் நடை |
| பெல்ட் | இல்லை | இல்லை | தோல் உராய்வு, பொய்யான துணிவு |
| பிசியோதெரபி | காரணமறிந்து தரும் | காரணமறிந்து தரும் | இயந்திரச் சிகிச்சையில் கரையும் பணம் |

## யார் எதைத் தேர்வது

வலியில்லாத, ஐம்பது வயதுக்குட்பட்ட பெரும்பாலோருக்கு நடையும் வீட்டுப் பயிற்சியும் சேர்ந்ததே சரியான தேர்வு என்பேன்: வாரத்தில் நான்கு நாள் நடை, மூன்று நாள் கால் மணி நேரப் பயிற்சி. தனியே செய்யத் தொடங்கி விட்டுவிடும் சுபாவம் உள்ளவர்கள் தம்மை அறிந்து வகுப்பில் சேர்வதே மேல். அறுபதைக் கடந்தவர்கள் யோகாவோடு நடையைச் சேர்க்கலாம். படிப் பயிற்சியைத் தூணைப் பிடித்தபடி செய்யலாம்.

சென்ற ஆண்டு நடையில் ஒரு பக்கம் மட்டும் வலித்தவர்கள் வேறெதையும் தொடங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காலில் மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை; தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காவடி எடுப்பவர்களின் கணக்கு சற்றே வேறு. வலத்தோளில் சுமை இருக்கும்போது இடக்காலின் நடுப்பிட்டத் தசைக்கு வேலை கூடுகிறது. காவடியைப் பிடித்த கை வீசாததால் உடலின் முறுக்கலும் ஒரு பக்கமாகிறது. ஆகவே அவர்களுக்குப் பக்கப் பிளாங்க்கும், ஒரு கையில் சுமையோடு நடப்பதும் இரு பக்கமும் சமமாக அமைய வேண்டும். தண்ணீர் நிரப்பிய குடத்தை ஒரு கையில் தொங்கவிட்டு, வளவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சாயாமல் நடந்து, கை மாற்றித் திரும்புவது ஜிம்முக்குப் போகாமலே இதைத் தந்துவிடும். வழியில் களைப்பு தெரிவதற்கு முன்னரே தோள் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் இந்த ஒத்திகையிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும், புறப்படுவதற்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஜிம்மையும் படிப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு, நடையைப் பாதியாகக் குறைத்து, தரைப் பயிற்சியை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், களைப்பு வராத அளவில் செய்துவந்தால் போதும்.